சாமந்தித் தாய்ச்செடிகளுக்கு இரவு விளக்கு: பூச்சுள்ள பல்பா, தெளிந்த பல்பா?

படப்பை, மணிமங்கலம் முதலிய கிராமங்களில் கொட்டகையமைத்துச் சாமந்தித் தாய்ச்செடிகளை வளர்த்து, அவற்றின் நுனித்துண்டுகளிலிருந்து நாற்று உண்டாக்க விரும்பும் நிலச்சுவான்தார்கள் முதலில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாமந்தி குறும்பகல் செடியாகும். இரவு நீண்டால் மொட்டு வைத்துவிடும். மொட்டு வைத்த கிளையின் துண்டு நல்ல நாற்றாகாது. பகலின் நீளத்திற்கும் பூப்பதற்குமுள்ள சம்பந்தத்தை அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்போர் 1920-ம் வருஷத்தில் விளக்கி வெளியிட்டனர். படப்பையில் ஆனி மாதத்து நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. மார்கழியிலோ 11½ மணிக்கும் குறைவு. ஆகவே எக்காலத்திலும் இரவு 10 மணி முதல் 2 மணி வரை விளக்கேற்றி இருளைப் பிளப்பது அவசியமாகிறது. செடியின் நுனியில் சுமார் 100 லக்ஸ் ஒளி விழுந்தாற் போதும்.

எந்த பல்பை வாங்குவது என்பதில்தான் பணம் வீணாகிறது. பூச்சு என்னும் ஒரே சொல் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறது. இழை பல்பில் பூச்சு ஒளியை உண்டாக்குவதில்லை. உள்ளதைச் சிதறடிக்கும், அல்லது குறைக்கும். உட்புறம் மங்கலாக்கிய கண்ணாடியால் வரும் நஷ்டம் மிகச் சொற்பம். ஒளியும் சமமாகப் பரவும். நீலப் பூச்சிட்டுச் 'செடி விளக்கு' என்று அதிக விலைக்கு விற்கப்படுவது வேறு. இருளைப் பிளப்பதற்குச் சாமந்திக்கு வேண்டியது சிவப்பொளி; நீலப் பூச்சு அதில் ஒரு பங்கைத் தடுத்துவிடுகிறது. செடிக்கென்று விற்பது செடிக்கே உதவாதிருப்பது விந்தையே.

குழல் விளக்கிலோ பூச்சே ஒளியைத் தருவது. உள்ளேயுள்ள பாதரச ஆவி வெளியிடும் புறஊதாக் கதிரை அதுவே வெள்ளொளியாக்குகிறது. பூச்சற்ற தெளிந்த குழல் கிருமிகளைக் கொல்வதற்கானது. அதைக் கொட்டகையில் மாட்டினால் இலை கருகும். வேலையாட்களின் கண்ணுக்கும் தோலுக்கும் கேடு. மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது.

எல்.இ.டி. பல்பில் ஒளி தரும் பூச்சு சில்லின் மேலேயே இருக்கிறது. வெளிமூடி ஒளியைப் பரப்புவதற்கு மட்டுமே. தெளிந்த மூடியில் ஒளி சற்று மிகுதி. வெண்மூடியில் பரவல் நன்று. பாத்தியின் ஓரங்களில் ஒளி குறைந்தால் அவ்விடத்துச் செடிகளே முந்தி மொட்டு வைக்குமாதலால் வெண்மூடியே மேல். நீலச் சாயலுள்ள வெள்ளொளியைவிட மஞ்சட் சாயலுள்ள ஒளியில் சிவப்பு அதிகம்; அதையே கேட்டு வாங்கவேண்டும்.

செலவையும் கணக்கிடலாம். 60 வாட் இழை பல்புகள் பத்து, தினம் 4 மணி எரிந்தால் 30 நாளில் 72 யூனிட் ஆகும். ஏறக்குறைய அதே ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புகளுக்கு 10.8 யூனிட்டே. மேலும், சூடான இழை பல்பின் மீது தெளிப்பு நீர் பட்டால் கண்ணாடி வெடிக்கக்கூடும். எவ்வகை பல்பாயினும் மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்கவேண்டும். சாலையோரக் கொட்டகைகளில் பூச்சைவிடத் தூசியே அதிக ஒளியை விழுங்கிவிடுகிறது.