வீழ்மீன்: கண்டதும் கருதியதும்

இரவு வானில் ஒளிக்கோடாய்ப் பாய்ந்து மறைவதை எரிமீன் என்கிறோம். வெள்ளிக் கோளினும் மிக்க ஒளியோடு எரிவதைத் தீப்பந்து என்பர் வானியலார். இத்தகைய காட்சியைச் சங்கச் சான்றோர் எவ்வாறு கண்டனர் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

புறநானூற்றின் 229ஆம் பாடல் கூடலூர் கிழார் பாடியது. பங்குனித் திங்கள் நள்ளிரவில் விண்மீன் ஒன்று எரிந்து வீழ்கிறது. கண்டோர் அஞ்சுகின்றனர். ஏழாம் நாளில் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மறைகிறான். புலவர் வருந்திப் பாடுகிறார். இப்பாடலில் இரு கூறுகள் உள: ஒன்று கண்டது, மற்றொன்று கருதியது.

கண்டதைப் புலவர் செம்மையாகவே உரைக்கிறார். திங்கள், நாள்மீன், பொழுது, உச்சியினின்று சாயும் மீன், எழும் மீன், மறையும் மீன், வீழ்ந்த திசை, பரந்த ஒளி ஆகியவற்றை முறைப்படக் கூறுகிறார். தீப்பந்தைக் கண்டோரிடம் இன்றைய வானியலார் கேட்கும் வினாக்களும் பெரும்பாலும் இவையே.

கருதியதோ அக்கால மக்களின் நம்பிக்கை. அரபு நாட்டிலும் பெரியார் ஒருவர் பிறந்ததற்கோ இறந்ததற்கோ விண்மீன் வீழ்வதாக எண்ணினர். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அது வீழ்வதில்லை என நபிகள் நாயகம் (ஸல்) மறுத்துரைத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ளது.

அறிவியல் கூறும் காரணமும் அச்சத்தைப் போக்குவதே. கதிரவனைச் சுற்றிவரும் கல், நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துள் நுழைகிறது. அதன் முன்னுள்ள காற்று அழுந்திக் கடுவெப்பம் கொள்ள, கல் எரிந்து ஒளிர்கிறது. பெரும்பாலானவை வானிலேயே அழியும். சிலவே தரை சேரும். 1857 பிப்ரவரி 28 அன்று, இன்றைய இராமநாதபுர மாவட்டத்துப் பெருநாழியில் வீழ்ந்த இரு கற்களும் சேர்ந்து ஏறத்தாழ 77 கிலோ எடையுடையன. விண்கல் பட்டியல்களில் இது ‘பர்னல்லி’ எனப்படுகிறது. இவ்வகைக் கற்கள் ஞாயிற்றுக் குடும்பம் தோன்றிய காலத்தவை. அகவை சுமார் 456 கோடி ஆண்டுகள்.

அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. 2013 பிப்ரவரி 15 அன்று உருசியாவின் செல்யாபின்சுக் நகர்மேல் ஒரு கல் வெடித்தது. ஒளியைக் கண்டு சாளரத்தருகே நின்றோரைச் சற்றுப் பின்னர் வந்த அதிர்வலை தாக்கியது. காயமுற்ற ஏறத்தாழ 1,500 பேருள் பெரும்பாலோர் கண்ணாடிச் சிதறல்களால் புண்பட்டவர்கள். பேரொளி கண்டால் சாளரத்தை விட்டு விலகுதல் அறிவுடைமை.

மாணவச் செல்வங்களே! பொருநைக் கரையில் நின்று வானை நோக்குவோர்க்கு மேற்கே பொதியிலே திசைகாட்டும். தீப்பந்தைக் காணின் நேரம், திசை, நிறம், ஒளி நீடித்த நொடிகள், ஓசை ஆகியவற்றை உடனே குறித்து வையுங்கள். புலவரின் கண்ணைக் கைக்கொள்வோம். அக்காலத்தின் அச்சத்தைக் கைவிடுவோம்.