நிழற்படமும் இசைவும்

கண்ணாடி நம் முகத்தை நமக்குக் காட்டும். நிழற்படமோ நம் முகத்தைப் பிறர்க்குக் காட்டும். ஆதலின், படம் எடுப்போர் யாவர், எடுக்கப்படுவோர் அதற்கு இசைந்தனரோ என்னும் வினாக்கள் எழுகின்றன. அவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வடக்கனந்தலில் வாழும் நமக்குச் சான்று தொலைவில் இல்லை. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கீழ்ப்பால், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில், சித்திரைத் திங்களில் கூத்தாண்டவர் விழா நிகழ்கின்றது. பல ஊர்களினின்றும் வரும் திருநங்கையர் அரவானுக்கு மனைவியராய்த் தாலி பூண்டு, மறுநாட் காலை அதனை அறுத்துக் கைம்மைக் கோலம் கொள்வர். அவ்விடத்தே படக்கருவி ஏந்தியோர் திரளாகக் கூடுவர். அவர்கள் எடுக்கும் படங்களுள் பலவற்றில் அழுகை உண்டு, அணிகலனும் உண்டு, அழுபவரின் பெயரோ, ஊரோ, தொழிலோ இல்லை. ஆண்டில் ஒரு நாளே அவர்கள் உயிர்வாழ்வதுபோல அப்படங்கள் காட்டுகின்றன.

இதற்கு மாறான நெறியொன்றைத் தென்னாப்பிரிக்காவிற் காண்கிறோம். அந்நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பால்நாட்டம் பற்றி வேற்றுமை பாராட்டுதலைத் தடுத்தது. 2006இல் ஒருபால் திருமணமும் சட்டமாயிற்று. ஆயினும், கறுப்பினப் பால்புதுமையர் தாக்கப்பட்டனர், கொல்லவும் பட்டனர். டர்பனை அடுத்த உம்லாசியில் 1972இல் பிறந்த சனேலே முகோலி அம்மக்களுள் ஒருவர். 2006இல் அவர் 'முகங்களும் கட்டங்களும்' என்னும் கறுப்பு வெள்ளைப் படவரிசையைத் தொடங்கினார். ஒவ்வொரு படத்திலும் ஒருவர் நம்மை நோக்குகிறார். உடன் அவர் பெயரும் இடமும் ஆண்டும் குறிக்கப்பெறும். படத்திலுள்ளாரை முகோலி 'பங்கேற்பாளர்' என்பார். காட்சிச் சுவரில் படங்களிடையே சில இடங்கள் வெறிதே விடப்படும். அவை இன்று இல்லாதவர்க்கும், இனி வருவோர்க்கும் உரியவை. 2012இல் அவரது இல்லத்திலிருந்து பல ஆண்டுப் படங்கள் அடங்கிய வன்தட்டுகள் களவு போயின. ஆயினும் அப்பணி நின்றிலது.

எல்லாரும் முகங்காட்டல் வேண்டுமோ எனின், அன்று. தில்லியிற் பிறந்த சுனில் குப்தா, 1980களின் பிற்பகுதியில் அந்நகரின் ஒருபால் விருப்பினரைப் படமெடுத்தபோது, சிலர் முகத்தை மறைத்தே நின்றனர். 377ஆம் பிரிவு அந்நாளில் அவர்களை அச்சுறுத்திற்று. அதன் பிடியை உச்சநீதிமன்றம் 2018இல் தான் நீக்கிற்று. முகத்தைக் காட்டுதலும் உரிமை, மறைத்தலும் உரிமை. இவ்விரண்டையும் தீர்மானிப்பவர் படத்திலுள்ளாரே.

எனவே, மாணவ நண்பர்காள்! அடுத்த சித்திரையில் கைப்பேசியுடன் கூவாகம் செல்வீராயின், முதலில் அவரை வணங்கி, இசைவு கேண்மின்; எடுத்த படத்தை அவர்க்குக் காட்டுமின்; வேண்டாமெனின் அழித்துவிடுமின்; விரும்பினாராயின் பெயரையும் எழுதுமின். அப்பொழுதே அப்படம் வேடிக்கையாகாது சான்றாகும்.