முன் ஃபோர்க்குக்கு எந்த எண்ணெய்?

கியர் சைக்கிளில் மலையேறும் ஆர்வம் நம் இளைஞர்களிடையே பெருகி வருகிறது. மணாலியிலிருந்து லே வரை சைக்கிளிலேயே சென்று வருகிறவர்களும் உண்டு. அவ்வழியிலுள்ள தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. ஏறுவதற்குக் கால்வலு வேண்டும். இறங்கும்போது நம்மைக் காப்பவை பிரேக்கும், முன்சக்கரத்தைத் தரையோடு ஒட்ட வைத்திருக்கும் முன் ஃபோர்க்கும்தான். சக்கரம் தரையை விட்டு எழும்பினால் பிரேக்கும் பிடிக்காது, ஹேண்டிலும் திரும்பாது. ஆகவே ஃபோர்க்கினுள் இருக்கும் எண்ணெயைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

எண்ணெய் எதற்கு?

மேடுபள்ளத்தின் அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். அது இரும்புச் சுருளாகவோ, அடைத்த காற்றாகவோ இருக்கலாம். ஆனால் வாங்கிய சக்தியை ஸ்பிரிங் உடனே திருப்பித் தந்துவிடும். இந்தத் துள்ளலைத் தணிப்பதே எண்ணெயின் வேலை. டாம்பர் என்னும் பகுதியில், சிறு துளைகள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு செல்லும்போது, துள்ளும் சக்தி வெப்பமாக மாறிவிடுகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டிகளின் போகியில் உள்ள டேஷ்பாட்டும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

எண்ணெய் மண்ணெண்ணெய் போல நீர்த்திருந்தால் ஃபோர்க் அமுங்கியவுடன் துள்ளி எழும். விளக்கெண்ணெய் போலத் தடித்திருந்தால், ஒரு மேட்டிலிருந்து மீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அடுத்தடுத்து அமுங்கி, கடைசியில் ஃபோர்க் இறுகிப்போய்க் கைக்கு அடி விழும்.

டப்பாவின் மேலுள்ள எண்

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 5 டபிள்யூ, 10 டபிள்யூ என்று டப்பாவில் போட்டிருக்கும். என்ஜின் எண்ணெய்க்கு இந்த எண்களை வரையறுக்கும் பொதுவான தரம் உண்டு. ஃபோர்க் எண்ணெய்க்கு அப்படியில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவில் எண்ணிடுகிறது. ஒருவருடைய 5 டபிள்யூ 40 டிகிரி செல்சியஸில் 15, 16 செண்டிஸ்டோக்ஸ் இருக்கும். மற்றொருவருடைய 5 டபிள்யூ 25-ஐத் தாண்டும். செண்டிஸ்டோக்ஸ் என்பது பாகுநிலையை, அதாவது திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பை, அளக்கும் அலகு. அறை வெப்பத்தில் தண்ணீரின் அளவு ஏறக்குறைய 1.

எனவே எண்ணை மட்டும் பார்க்காமல், 40 டிகிரியில் எத்தனை செண்டிஸ்டோக்ஸ் என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் பாருங்கள். விஸ்காசிட்டி இண்டெக்ஸ் என்ற எண்ணும் அதிலேயே இருக்கும். அது அதிகமாக இருந்தால், குளிரில் எண்ணெய் தடிப்பதும் வெயிலில் நீர்ப்பதும் குறைவு. டெல்லியின் கோடையிலும் சார்ச்சுவின் விடியற்குளிரிலும் ஒரே எண்ணெயோடு ஓட்டுகிறவர்களுக்கு இது முக்கியம்.

தேர்ந்தெடுக்கும் முறை

1. முதலில் உங்கள் ஃபோர்க்கில் எண்ணெய் டாம்பர் உண்டா என்று பாருங்கள். விலை குறைந்த பல ஃபோர்க்குகளில் ஸ்பிரிங்கும் கிரீஸும் மட்டுமே இருக்கும். அவற்றில் எண்ணெய் ஊற்றுவதால் பயனில்லை.

2. ஸ்பிரிங்கைச் சரிசெய்த பிறகே எண்ணெயை மாற்ற நினையுங்கள். ஓட்டும் நிலையில் அமர்ந்தால் ஃபோர்க் தன் மொத்த அசைவில் 15 முதல் 25 சதவீதம் வரை அமிழ வேண்டும். 100 மில்லிமீட்டர் அசைவுள்ள ஃபோர்க்கில் இது 15 முதல் 25 மில்லிமீட்டர்.

3. திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகை முழுவதும் மூடிய பின்னும் ஃபோர்க் துள்ளினால், சற்றுத் தடித்த எண்ணெய் தேவை. முழுவதும் திறந்த பின்னும் மந்தமாக எழுந்தால் நீர்த்த எண்ணெய் தேவை. இரண்டுக்கும் இடையே சரியாகிவிட்டால் எண்ணெய் வகையை மாற்ற வேண்டாம்.

4. டாம்பர் எண்ணெய் வேறு, கீழ்க்கால்களில் உராய்வைக் குறைக்க ஊற்றும் எண்ணெய் வேறு. பின்னது பொதுவாகத் தடித்தது. ஒரு காலுக்குச் சில மில்லிலிட்டரே போதும். அளவைக் கையேட்டில் பார்த்து, ஊசியில்லா சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள்.

5. இடைப்பட்ட பாகுநிலை வேண்டுமானால், ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்த இரு எண்ணெய்களைக் கலக்கலாம். பாதிக்குப் பாதி கலந்தால் கிடைப்பது நேர் சராசரி அன்று. அதைவிடச் சற்று நீர்த்தே இருக்கும்.

எச்சரிக்கை

பிரேக் திரவத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள். பல ஃபோர்க்குகளின் ரப்பர் சீல்கள் அதில் ஊறிக் கெட்டுவிடும். காற்று ஃபோர்க்கைக் கழற்றுமுன் காற்றை முழுவதும் வெளியேற்றிவிடுங்கள். இல்லையேல் மூடி தெறித்து முகத்தில் அடிக்கும்.

எவ்வளவு நல்ல எண்ணெயும் தூசியாலும் தேய்மானத்தாலும் கெடும். கீழ்க்கால் எண்ணெயை ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது; ஃபாக்ஸ் நிறுவனம் 125 மணி நேரம் அல்லது ஓராண்டு என்கிறது. "ஃபோர்க் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று யாராவது சொன்னால், கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது என்று முதலில் கேளுங்கள்.