துப்பாக்கி விளக்கு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: டெக்சாஸில் எங்கள் பண்ணையை இரவில் காட்டுப்பன்றிகள் உழுது போட்டுவிடுகின்றன. ரைஃபிளில் பொருத்த ஒரு விளக்கு வேண்டும். 150 டாலருக்குள் உருப்படியாகக் கிடைக்குமா?

பதில்: தாராளமாகக் கிடைக்கும். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் லூமன் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். லூமன் என்பது குழாயில் வரும் மொத்தத் தண்ணீர். கேண்டெலா என்பது குழாய் வாயை விரலால் அழுத்தினால் பீய்ச்சும் வேகம். திறந்த வயலில் தொலைவைக் காட்டுவது கேண்டெலாதான்.

உங்கள் தேவைக்கு ஸ்ட்ரீம்லைட் புரோடாக் ரெயில் மவுண்ட் ஹெச்.எல்.-எக்ஸ் பொருந்தும்: 1,000 லூமன், 27,600 கேண்டெலா. இரண்டு சிஆர்123ஏ பேட்டரியிலும் எரியும். ஸ்ட்ரீம்லைட்டின் 18650 அளவு ரீசார்ஜ் பேட்டரியிலும் எரியும். அடிக்கடி பயன்படுத்துபவருக்கு ரீசார்ஜ்தான் சிக்கனம்.

முப்பது, நாற்பது டாலர் விளக்குகளை விட்டுவிடுங்கள். சுடும்போது வரும் உதைப்பில் உள்ளே பேட்டரி தொடர்பு விட்டு, தேவைப்படும் நொடியில் அணைந்துபோகும். வாங்குமுன் உங்கள் ரைஃபிளில் விளக்கைப் பொருத்த இருப்பது பிக்கட்டினி ரெயிலா, எம்-லாக் துளையா என்று பாருங்கள். விளக்கைக் குழல் முனைப்பக்கமாகத் தள்ளிப் பொருத்தினால் குழலின் நிழல் குறையும்.

கூடவே இருபது டாலருக்கு ஒரு கைவிளக்கும் வாங்குங்கள். துப்பாக்கி விளக்கு திரும்பும் பக்கமெல்லாம் குழலும் திரும்பும். தேடுவதற்குக் கைவிளக்கு, பன்றிதான் என்று உறுதியான பிறகே ரைஃபிளைத் தூக்குங்கள். அந்த இருபது டாலர் உங்கள் கன்றுக்குட்டியையும் அண்டை வீட்டாரையும் காப்பாற்றும்.