எக்ஸ்ரென்சன் வயர்: எந்தச் சுமைக்கு எந்தத் தடிப்பு?

சொந்தக் காணிக்குத் திரும்பும் பல குடும்பங்கள் வீடு கட்டி முடியும்வரை தறப்பாள் கொட்டிலிலோ கிடுகு வேய்ந்த கொட்டிலிலோ இருக்க வேண்டியுள்ளது. மின் இணைப்பு கிடைத்தாலும் தொடக்கத்தில் ஒன்றிரண்டு பிளக் பொயின்ற் மட்டுமே இருக்கும். அங்கிருந்து சமையல் கொட்டிலுக்கு ஒரு வயர், கிணற்றடிக்கு ஒரு வயர், மேசன் வேலைக்கு ஒரு வயர் என இழுக்கிறோம். மலிவாகக் கிடைக்கும் மெல்லிய வயர் ஒரு பல்ப் எரியப் போதும். அதே வயரில் கேத்தலைப் போட்டால் கிடுகு தீப்பற்றலாம். தண்ணீர் மோட்டரைப் போட்டால், வாழ்வாதார உதவியில் வாங்கிய மோட்டரே எரிந்துபோகலாம்.

இதைத் தவிர்க்க வயர் வாங்கும் முன் இரண்டு விடயங்களை அறிந்திருக்க வேண்டும்: அந்த வயர் எத்தனை அம்பியர் சுமக்கப் போகிறது? அது எவ்வளவு தூரம் போகப் போகிறது? இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

1. சுமையை அம்பியரில் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு மின் சாதனத்தின் அடியிலோ பின்புறத்திலோ அதன் வாற் அளவு எழுதப்பட்டிருக்கும். எமது நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். வாற் அளவை 230 ஆல் பிரித்தால் அம்பியர் வரும்.

வழக்கமான சில அளவுகள்:
- எல்.ஈ.டி பல்ப்: 9 வாற்
- மின்விசிறி: 75 வாற்
- தொலைக்காட்சி: 80 வாற்
- ரைஸ் குக்கர்: 700 வாற், ஏறத்தாழ 3 அம்பியர்
- அயன்: 1000 வாற், ஏறத்தாழ 4.3 அம்பியர்
- மின் கேத்தல்: 2000 வாற், ஏறத்தாழ 8.7 அம்பியர்
- 1 குதிரை வலு தண்ணீர் மோட்டர்: ஓடும்போது ஏறத்தாழ 6 அம்பியர்

இவை பொதுவான அளவுகள். உங்கள் சாதனத்தில் எழுதியிருப்பதையே கணக்கில் எடுங்கள்.

ஒரே வயரில் பல சாதனங்கள் இருந்தால், ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய எல்லாவற்றையும் கூட்டுங்கள். உதாரணமாக, மூன்று பல்ப், ஒரு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி, ஒரு போன் சார்ஜர் சேர்ந்தால் ஏறத்தாழ 192 வாற். இது ஒரு அம்பியர் கூட இல்லை. ரைஸ் குக்கரும் சேர்ந்தால் 892 வாற், அதாவது 3.9 அம்பியர். பாடசாலைச் சீருடைக்கு அயனும் போட்டால் 1892 வாற். இப்போது 8.2 அம்பியர் ஆகிவிட்டது. சூடாக்கும் சாதனம் எதுவும் சிறிய சுமை அல்ல என்பதை இதிலிருந்து கவனியுங்கள்.

2. அம்பியருக்கு ஏற்ற தடிப்பு

வயரின் தடிப்பு என்பது உள்ளே இருக்கும் செப்பின் அளவு. வெளியே தெரியும் பிளாஸ்ரிக்கின் பருமன் அல்ல. செப்பின் அளவைச் சதுர மில்லிமீற்றரில் சொல்வார்கள். சில வயர்களில் 24/0.20 என்பது போல எழுதியிருக்கும். 0.20 மில்லிமீற்றர் விட்டமுள்ள இழைகள் 24 உள்ளே இருக்கின்றன என்பதே இதன் பொருள்.

- 0.5 சதுர மில்லிமீற்றர், 16/0.20: 3 அம்பியர்
- 0.75 சதுர மில்லிமீற்றர், 24/0.20: 6 அம்பியர்
- 1.0 சதுர மில்லிமீற்றர், 32/0.20: 10 அம்பியர்
- 1.5 சதுர மில்லிமீற்றர், 30/0.25: 16 அம்பியர்
- 2.5 சதுர மில்லிமீற்றர், 50/0.25: 25 அம்பியர்

கடைசி வயர் 25 அம்பியர் தாங்கினாலும், சதுர முள் பிளக் 13 அம்பியர் மட்டுமே தாங்கும். எனவே அதில் 13 அம்பியருக்கு மேல் ஏற்றக் கூடாது. 2.5 வயரின் பயன் தூரத்துக்கே. அதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

மேலே உள்ள அளவுகள் 30 பாகை வெப்பநிலைக்கு உரியவை. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வெப்பம் அதைவிடக் கூடும். ஆகவே எந்த வயரிலும் அதன் அளவில் நாலில் மூன்று பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். 6 அம்பியர் வயருக்கு 4.5, 10 அம்பியர் வயருக்கு 7.5, 16 அம்பியர் வயருக்கு 12 எனக் கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் மேலே சொன்ன 3.9 அம்பியர் வீட்டுக்கு 0.75 வயர் போதும். அயனும் சேர்ந்த 8.2 அம்பியருக்கு 1.5 வயர் தேவை.

மெல்லிய வயர் ஏன் ஆபத்து? வயரில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால் அதில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். 3 அம்பியர் வயரில் 8.7 அம்பியர் கேத்தலைப் போட்டால், அந்த வயர் தாங்கக்கூடிய வெப்பத்தைப் போல எட்டு மடங்கு வெப்பம் உண்டாகிறது. முதலில் பிளாஸ்ரிக் இளகும். பிறகு இரு கம்பிகளும் தொட்டுக்கொள்ளும். மேலே கிடுகு இருக்கிறது.

"ரிப் சுவிச் இருக்கிறதுதானே" என்று எண்ண வேண்டாம். ரிப் சுவிச் மின் ஒழுக்கிலிருந்து உயிரைக் காப்பதற்கானது. வயரில் சுமை கூடினால் அது விழாது. சுமை கூடினால் விழுவது பிளக்குகளுக்கான தனிச் சுவிச். அதுவும் சுவருக்குள் உள்ள தடித்த வயருக்குப் பொருந்தவே போடப்பட்டுள்ளது. உங்கள் மெல்லிய வயர் எரியத் தொடங்கினாலும் அது விழாமல் இருக்கலாம். 13 அம்பியர் பிளக்கின் உள்ளே ஒரு சிறு பியூஸ் உண்டு. 0.5 வயருக்கு 3 அம்பியர் பியூஸ் போடுங்கள். பியூஸ் போன இடத்தில் கம்பியோ சிகரெட் தாளோ வைக்கவே கூடாது.

3. தூரம் கூடினால் தடிப்பும் கூட வேண்டும்

வீட்டுப் பிளக்கில் 230 வோல்ற் இருந்தாலும் நீண்ட வயரின் மறுமுனையில் அவ்வளவு கிடைக்காது. வழியில் ஒரு பங்கை வயரே தின்றுவிடும். ஒவ்வொரு 10 மீற்றருக்கும், ஒவ்வொரு அம்பியருக்கும் இழக்கும் அளவு இது:

- 0.75 வயர்: 0.62 வோல்ற்
- 1.0 வயர்: 0.46 வோல்ற்
- 1.5 வயர்: 0.32 வோல்ற்
- 2.5 வயர்: 0.19 வோல்ற்

பல்ப்புக்கு இந்த இழப்பு பெரிதல்ல. மோட்டருக்குப் பெரிது. மோட்டர் ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து மடங்கு அளவில் இழுக்கும். 6 அம்பியர் மோட்டர் தொடங்கும்போது 30 அம்பியர் இழுக்கிறது எனக் கொள்வோம். கிணறு வீட்டிலிருந்து 40 மீற்றர் தூரம் என்றால்:

- 0.75 வயரில் இழப்பு: 0.62 × 30 × 4 = ஏறத்தாழ 74 வோல்ற்
- 1.5 வயரில் இழப்பு: 0.32 × 30 × 4 = ஏறத்தாழ 38 வோல்ற்
- 2.5 வயரில் இழப்பு: 0.19 × 30 × 4 = ஏறத்தாழ 23 வோல்ற்

0.75 வயரில் மோட்டருக்கு 156 வோல்ற் அளவே போய்ச் சேரும். அந்த நிலையில் அதன் சுழற்றும் வலு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மோட்டர் சுற்றாமல் "ம்ம்" என்று இரைந்துகொண்டு நிற்கும். அப்படி நிற்கும்போது பெரும் மின்னோட்டம் தொடர்ந்து பாய்வதால் கொயில் எரிந்துவிடும். மோட்டர் இரைந்தும் சுற்றாவிட்டால் உடனே சுவிச்சை நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்காதீர்கள்.

தொடங்கும்போது இழப்பு 23 வோல்ற்றை, அதாவது பத்தில் ஒரு பங்கைத் தாண்டாத வயரைத் தெரிவுசெய்யுங்கள். இந்த மோட்டருக்கு, இந்தத் தூரத்துக்கு, அது 2.5 வயர். மாலை நேரத்தில் பல்ப் மங்கும் இடங்களில் வீட்டுக்கு வரும் வோல்ற்றளவே குறைவு. அங்கே இழப்புக்கு இடமே இல்லை. தடித்த வயருக்குக் காசு கூடத்தான். ஆனால் எரிந்த மோட்டருக்குக் கொயில் சுற்றும் செலவையும், அதுவரை வாடும் தோட்டத்தையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கிணற்றடி இணைப்பு நிரந்தரமானால் எக்ஸ்ரென்சன் வயரை விட்டுவிட்டு, தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு நிலத்தடிக் கேபிள் போடுங்கள். கேபிளுக்குக் கிடங்கு வெட்டும் முன், அந்தக் காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா எனக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். இனந்தெரியாத இரும்புப் பொருள் தென்பட்டால் தொடாமல் விலகி, உடனே அறிவியுங்கள்.

4. கடையில் கவனிக்க வேண்டியவை

- வயரின் மேல் தடிப்பும் எஸ்.எல்.எஸ். இலச்சினையும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எதுவும் எழுதாத வயரை வாங்க வேண்டாம்.
- முனையில் உள்ள இழைகளை எண்ணிப் பாருங்கள்.
- ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம். அதே தடிப்பில் அது செப்பைவிடக் குறைவாகவே சுமக்கும்.
- மோட்டர், அயன் போன்ற உலோக உடலுள்ள சாதனங்களுக்கு மூன்று கம்பி உள்ள வயர் வேண்டும். பச்சை மஞ்சள் கோடுள்ள கம்பி நிலத்தொடுப்புக்கானது. இரு கம்பி வயர் இவற்றுக்கு உதவாது.
- ஸ்பீக்கர் வயர், தொலைபேசி வயர் ஆகியவற்றில் வீட்டு மின்சாரம் கொடுக்கவே கூடாது.

5. வீட்டில் கவனிக்க வேண்டியவை

- சுருட்டிய வயரை முழுவதும் விரித்த பின்பே பெரிய சுமை போடுங்கள். சுருளுக்குள் வெப்பம் வெளியேற முடியாது.
- ஒரு எக்ஸ்ரென்சன் வயரின் முனையில் இன்னொன்றைச் செருக வேண்டாம்.
- முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு சூடாகும், மழையில் ஒழுகும். அறுந்த வயரை மாற்றுங்கள்.
- வயரைப் பாய்க்குக் கீழோ, கிடுகுக்குள் செருகியோ கொண்டுபோகாதீர்கள். ஆணி அடித்து மடிக்காதீர்கள்.
- இடம்பெயர முன்பிருந்த பழைய வீட்டுச் சுவரில் எஞ்சியுள்ள வயரைச் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். எலி கடித்தும் நீர் ஊறியும் இருக்கலாம்.
- கால் மணி நேரம் பயன்படுத்திய பின் சுவிச்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, வயரையும் பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் சுமை கூடிவிட்டது.
- ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது விழ வேண்டும்.

ஒருவரை மின்சாரம் தாக்கினால் அவரைத் தொட வேண்டாம். முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். பின்னர் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். மின் கம்பி அறுந்து விழுந்திருந்தால் கிட்டப் போகாமல் மின்சார சபைக்கு 1987 இல் அறிவியுங்கள்.

பயிற்சி

வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்து பாருங்கள்.

1. ஒரு வயரில் 1500 வாற் கேத்தலும் 75 வாற் மின்விசிறியும் இயங்க வேண்டும். தூரம் 5 மீற்றர். எந்த வயர் தேவை?

2. அரைக் குதிரை வலு மோட்டர் ஓடும்போது 3.5 அம்பியர் இழுக்கிறது. கிணறு 30 மீற்றர் தூரம். 1.0 வயர் போதுமா?

3. உங்கள் கொட்டிலில் இப்போது உள்ள ஒவ்வொரு எக்ஸ்ரென்சன் வயரின் தடிப்பையும் சுமையையும் எழுதுங்கள். இன்றே மாற்ற வேண்டியது எது?

விடைகள்: 1. மொத்தம் 1575 வாற், ஏறத்தாழ 6.8 அம்பியர். 1.0 வயர் போதும். 2. தொடங்கும்போது 17.5 அம்பியர். 1.0 வயரில் இழப்பு 0.46 × 17.5 × 3 = ஏறத்தாழ 24 வோல்ற்; போதாது. 1.5 வயரில் ஏறத்தாழ 17 வோல்ற், அதையே வாங்குங்கள். 3. மூன்றாவது கேள்விக்கான விடை உங்கள் வீட்டில் இருக்கிறது.