ஆட்டுக்குட்டி எடை ஏற: கொடி, பொட்டு, புண்ணாக்கு, திப்பி

1. கடலை பறித்ததும் கொடியை வயலிலேயே நாள்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். சத்து இலையில் இருக்கிறது. சருகாகிவிட்டால் இலை உதிர்ந்து வெறும் தண்டுதான் மிஞ்சும். இலை நிற்கும்போதே உலர்த்தி, மழை படாத இடத்தில் போர் போடுங்கள். நெல் வைக்கோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் புரதம் இதில் உண்டு. இதை எரிப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

2. பருப்பு மில்லில் கிடைக்கும் உளுந்தம் பொட்டு, துவரம் பொட்டு இரண்டையும் ஆடு விரும்பித் தின்னும். சலித்து, கல்லும் கம்பித் துண்டும் நீக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி வையுங்கள். தூசு மூக்கில் ஏறாது.

3. கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம். ஆனால் பூசணம் பிடித்த புண்ணாக்கை விலை மலிவென்று வாங்கவே வாங்காதீர்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாக நீங்காது. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

4. சேலம், நாமக்கல் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைக்கும் சேகோ ஆலைகளின் திப்பி (சக்கை) தாராளமாகக் கிடைக்கும். அதில் மாவுச்சத்துதான் அதிகம், புரதம் மிகக் குறைவு. அதை மட்டும் போட்டால் குட்டி வளராது. புண்ணாக்கோடு சேர்த்தே கொடுங்கள். ஈரத் திப்பி சீக்கிரம் கெடும், உலர்ந்ததே நல்லது. மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடாதீர்கள், அதில் சயனைடு நஞ்சு இருக்கிறது. நறுக்கி நன்றாக உலர்த்திய பிறகு, அளவோடு கொடுக்கலாம்.

5. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். அளவு மீறினால் கடாவுக்கும் காயடித்த குட்டிக்கும் சிறுநீர்க் குழாயில் கல் அடைக்கும். அகத்தி, சவுண்டல் தழையும் நிறையத் தண்ணீரும் கூடவே இருக்கட்டும்.

6. 100 கிலோ கலவைக்கு: உடைத்த மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 20, தவிடு 20, பொட்டு 17, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1 கிலோ. பால் மறந்த குட்டிக்கு நாளுக்கு 200 கிராம் வரை போதும். வயிறு நிறைய வேண்டியது தழையாலும் கொடியாலும்தான்.

7. எந்தப் புதுத் தீவனத்தையும் ஒரு பிடியில் தொடங்கி, பத்து நாளில் மெல்ல முழு அளவுக்கு ஏற்றுங்கள். திடீரென்று மாவுத் தீவனம் கூடினால் வயிறு புளித்து உப்பும்; துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோயும் வரலாம், அதில் கொழுத்த குட்டிகூட ஒரே இரவில் செத்துப்போகும். மழைக்காலத்துக்கு முன்பே அதற்கான தடுப்பூசி போட்டுவிடுங்கள். வயிறு உப்பி, அசைபோடாமல் நிற்கும் ஆட்டுக்கு உடனே மாவுத் தீவனத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.