அறுக்காத பயிர்

அன்புள்ள யாழினிக்கு,

மக்காச்சோளம் அறுத்த வயலில், பனிக்கு நடுவே பச்சையாக நிற்கும் பயிரைப் படம் பிடித்து அனுப்பி, "சித்தப்பா, இதை யாரும் அறுக்கப் போவதில்லையாம், பின்னே எதற்கு விதைத்தார்கள்?" என்று கேட்டிருந்தாய். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுவதை நம் ஊரில் பார்த்திருப்பாயே, அந்த வேலைதான் இதுவும். இங்கே 45 நாளில் முடிகிறது. அமெரிக்காவில், நீ இருக்கும் பக்கம், பென்சில்வேனியாவிலும் மேரிலாந்திலும் அது குளிர்காலம் முழுக்க நீள்கிறது.

அங்கே இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்தால், அடுத்த மக்காச்சோளம் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான் மண்ணுக்குள் போகும். நடுவில் ஏறக்குறைய ஆறு மாதம் நிலம் வெறுமனே கிடக்கும். போட்ட உரத்தில் பயிர் எடுத்தது போக மிச்சம், நைட்ரேட்டாக மண்ணில் இருக்கும். நைட்ரேட்டுக்கும் களிமண் துகளுக்கும் ஒரே எதிர் மின்னூட்டம் என்பதால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. மழையும் பனி உருகிய நீரும் அதை வேருக்குக் கீழே இழுத்துப் போய்விடும். கடைசியில் அது போய்ச் சேரும் செசபீக் விரிகுடாவில் பாசி பெருகி அழுகி, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, நண்டும் சிப்பியும் தவிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் இப்படி நிலத்தை மூடி வைக்கக் குளிர்கால மூடுபயிர் விதைக்கும் விவசாயிக்கு மேரிலாந்து அரசு பணம் கொடுக்கிறது. தண்ணீர் எல்லோருக்கும் பொது என்பதால் இது சரியான செலவு என்றே நினைக்கிறேன்.

உன் படத்தில் இருப்பது ரை, கோதுமைக்கு உறவான பயிர். கடுங்குளிரிலும் முளைத்து, சல்லிவேரால் நைட்ரேட்டை உறிஞ்சித் தழையில் வைத்துக்கொள்ளும். ஆனால் இருப்பதைக் காக்குமே தவிர, புதிதாகத் தழைச்சத்து சேர்க்காது. சேர்க்க வேண்டுமானால் பயறு இனம் வேண்டும். அந்தக் குளிரைத் தாங்குவது ஹேரி வெட்ச் என்ற ஊதாப்பூக் கொடி. பட்டாணிக்கான ரைசோபியம் என்ற வேர்முடிச்சு நுண்ணுயிர் இதற்கும் பொருந்தும். உளுந்துக்குப் போடுவது பொருந்தாது. நன்றாக வளர்ந்த வெட்ச், ஏக்கருக்கு 40 கிலோவும் அதற்கு மேலும் தழைச்சத்து வைத்திருக்கும். நம் ஊர் 45 கிலோ யூரியா மூட்டை இரண்டில் இருக்கும் அளவு அது. அடுத்து வரும் பயிருக்கு அதில் பாதி கிடைக்கும் என்று கணக்கு வை. அந்தச் சத்தில் பெரும்பகுதி இலையிலும் தண்டிலும்தான் இருக்கிறது. வெட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டால் வயலுக்கு மிஞ்சுவது கொஞ்சமே.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். மண்ணில் தழைச்சத்து இருப்பது வேறு, மக்காச்சோளம் கேட்கிற நாளில் அது கிடைப்பது வேறு. தழையை மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 24 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து வேண்டும். வெட்சில் 11க்கு 1 இருக்கிறது. அவை தின்றது போக மிச்சம் பயிருக்கு வரும். இளம் ரையில் 26க்கு 1, பூத்த ரையில் 37க்கு 1, ரை வைக்கோலில் 80க்கும் மேல். முற்றிய ரையை மடக்கினால் நுண்ணுயிர்கள் பற்றாக்குறைக்கு மண்ணில் இருப்பதையே எடுத்துக்கொள்ள, இளம் மக்காச்சோளம் மஞ்சள் பூத்து நிற்கும். மூடுபயிரால் வந்த வினை என்று பழி போடுவார்கள். மடக்கிய நாள்தான் தப்பாகியிருக்கும்.

ரையை முற்றுமுன் மடக்க வேண்டும். வெட்சில் கணக்கு தலைகீழ். குளிர் முழுக்கத் தரையோடு ஒட்டிக் கிடந்துவிட்டு, வசந்தத்தின் பின்பாதியில்தான் விறுவிறுவென்று ஏறும். அவசரப்பட்டு மடக்கினால் நஷ்டம். பென்சில்வேனியாவின் குட்ஸ்டவுனில் இருக்கும் ரோடேல் வேளாண் ஆய்வு நிறுவனம் மூடுபயிரை மடக்குவதற்கென்றே ஓர் உருளையைப் பெயர் பெறச் செய்தது. டிராக்டரின் முன்னால் மாட்டுவது, உள்ளே தண்ணீர் நிரப்பிய உருளை, மேலே அம்புமுனை வடிவில் தகடுகள். தண்டை அறுக்காமல் நசுக்கிப் படுக்க வைக்கும். பின்னால் வரும் கருவி அந்த மூடாக்குக்குள்ளேயே மக்காச்சோளத்தை விதைத்துவிடும். முழுதாகப் பூத்த கொடிதான் இதற்குச் சாகும். முன்னாலேயே உருட்டினால் எழுந்துவிடும். அதற்காக நாளைத் தள்ளிக்கொண்டே போகவும் கூடாது. மழை குறைந்த ஆண்டில் மக்காச்சோளத்துக்கான ஈரத்தைக் கொடியே குடித்துவிடும்.

ரை, வெட்ச் இரண்டையும் கலந்து விதைப்பது எனக்குப் பிடித்த முறை. ரையைப் பற்றிக்கொண்டு வெட்ச் ஏறும். சத்துள்ள மண்ணில் ரை ஓங்கும், மெலிந்த மண்ணில் வெட்ச் ஓங்கும். கோதுமைக்குப் போகும் வயலில் மட்டும் வெட்ச் வேண்டாம். சில விதைகள் தோல் கடினத்தால் முளைக்காமல் கிடந்து, பிறகு களையாக வரும்.

மே மாதம் வெட்ச் வயலுக்குப் போனால், செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் தோண்டி எடு. பிடுங்கினால் வேர்முடிச்சு மண்ணிலேயே உதிர்ந்துவிடும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்து சேர்கிறது. முடிச்சே அதிகம் இல்லாமல் செடி மட்டும் கரும்பச்சையாக இருந்தால், மண்ணில் ஏற்கெனவே நைட்ரேட் நிறைய இருக்கலாம். மண் பரிசோதனையும் அதையே சொன்னால், அடுத்த குளிருக்கு அந்த வயலில் ரையை மட்டும் விதைக்கச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா